நடுவில் அமுக்கி எடுக்கவும்

பீரோவைத் திறந்ததும் வருகிற பாச்சை உருண்டை வாசனை சிலருக்குப் பிடிக்கும். போன மாதம் வரைக்கும் எனக்கும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. வளவனூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குக் கட்டிக்கொண்டு போகலாம் என்று என் மனைவி கலா கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்து உதறினாள். மடிப்புக்குள்ளிருந்து சதுரமாக ஒரு ப்ளாஸ்டிக் டப்பா கட்டிலில் வந்து விழுந்தது. எங்கள் கல்யாண சிடி.

"ஏங்க, இது இங்கியா இருக்குது! எங்கப்பா பேசுவாரே, அது இதுலதான?"

புடவையை அப்படியே போட்டுவிட்டு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கல்லூரிக்குப் போகிற எங்கள் பெண்ணும் வந்து நின்றாள். அவள் பிறப்பதற்கு நாலு மாதம் முன்னால் என் மாமனார் இறந்துபோனார். கையில் செல்போன் வைத்துக்கொண்டு கண்டதையெல்லாம் படம் பிடிக்கிற காலம் அப்போது வந்திருக்கவில்லை. அவருக்கு ரெண்டே போட்டோதான் உண்டு. ரெண்டிலும் வாயை மூடிக்கொண்டு முறைத்துக்கொண்டிருப்பார். குரல் என்று மிச்சம் இருந்தது இந்த சிடியில் ஒரு நாற்பது வினாடி, அவ்வளவுதான்.

"தாத்தா வாய்ஸ் எப்டிம்மா இருக்கும்?" என்றாள் பெண்.

"இருடி, இப்பவே கேக்கலாம்" என்று கலா டப்பாவை என்னிடம் நீட்டினாள். திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சிடி டப்பாவைத் திறக்கத் தெரியாத ஆள் இல்லை நான். சொல்லப்போனால் என் வாழ்க்கையில் உருப்படியாகத் தெரிந்துகொண்ட ஒரே வித்தை அதுதான். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகச் சில வருஷம் திண்டிவனத்தில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். கேசட்டில் பிடித்துக்கொண்டு வருகிற கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, சிடியில் இறக்கி, டப்பாவில் அடைத்து, மேலே ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. வெட்டி ஒட்டுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. என் உயிரை எடுத்தது டப்பாதான்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாதிரி மூடி, அதைப் பிடித்துக்கொள்ள ஓரத்தில் ரெண்டு காது. அந்தக் காது இருக்கிறதே, வெங்காயத் தோல் கனம்தான் இருக்கும். மொத்த மூடியின் பாரமும் அதன்மேல். ஒரு தடவை கீழே விழுந்தால் காது போச்சு. அப்புறம் மூடி தனி, டப்பா தனி. உள்ளே நடுவில் வட்டமாகச் சில பற்கள். அவைதான் சிடியின் ஓட்டைக்குள் நுழைந்து அதைக் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு பல் உடைந்தாலும் சிடி உள்ளே லொடலொட என்று ஆடும், உடைந்த பல்லே அதைக் கீறும். ஸ்டுடியோவில் நாங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் மாதிரிதான் பேசிக்கொள்வோம். "இது காது போன கேசுணா", "அது பல்லு போன கேசுபா" என்று. வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் திகைத்துப்போய்ப் பார்ப்பார்கள்.

டப்பாவை மாற்றினாலாவது நன்றாக இருக்குமா என்றால் அதுவும் இல்லை. ஜிப் வைத்த பைகள் வந்தன. ஒவ்வொரு தடவை உருவும்போதும் தூசி சேர்ந்து கோடு போடும். காகித உறை மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தது. பணக்காரக் கல்யாணங்களுக்கென்று வெல்வெட் பெட்டி ஒன்று வந்தது, நடுவில் பஞ்சுக் குமிழ் வைத்து. ரெண்டு மழைக்காலம் போனதும் அந்தப் பஞ்சு ஜாம் மாதிரி ஆகிவிடும். கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய், தம்பியின் நிக்காஹ் சிடியைத் துபாய்க்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். டப்பா அப்பளமாக நொறுங்கியிருந்தது. "படம் சூப்பரா கீதுபா. டப்பாதான் ஒரே பேஜாரு" என்றார். வேறு டப்பா போட்டுக் கொடுத்தேன். அதன் காது பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே போயிருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை எது தெரியுமா? சிடியில் பதிவு உள்ளிருந்து வெளியே போகும். நடு ஓட்டையைச் சுற்றித்தான் ஆரம்பம், எது எங்கே இருக்கிறது என்கிற பட்டியலும் அங்கேதான். வெளி ஓரத்தில் கீறினால் கடைசியில் வருகிற பந்தி போகும், பரவாயில்லை. நடுவில் போனால் எல்லாமே போச்சு. டப்பா செய்த புண்ணியவான் சரியாக அந்த நடுவைப் பார்த்துத்தான் பல்லை வைத்திருக்கிறான். சிடி செய்தவனும் டப்பா செய்தவனும் ஒரு நாளாவது சேர்ந்து டீ குடித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

ஜனங்களோ நடுவை அமுக்காமல் ஓரத்தைப் பிடித்து, கரண்டி இல்லாமல் தோசை எடுக்கிற மாதிரி வளைத்து எடுப்பார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அதனால் ஸ்டிக்கரில் மாப்பிள்ளை பெண் பெயருக்குக் கீழே 'நடுவில் அமுக்கி எடுக்கவும்' என்று அச்சடிக்க ஆரம்பித்தேன். ஸ்டுடியோ முதலாளியை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அதைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"இன்னாபா இது, கல்யாண டப்பா மேல அமுக்கு கிமுக்குன்னு எழுதிகினு? வாழ்க வளமுடன்னு போடுபா!"

ரெண்டையும் போட்டேன்.

எங்கே வைப்பது என்றும் கேட்பார்கள், முக்கியமாக அம்மாக்கள். "ஏம்பா, பசங்க கை படாம இத எங்க வெக்கறது?" இதற்கு நானே யோசித்து ஒரு பதில் வைத்திருந்தேன். "கல்யாணப் பட்டுப் பொடவ மடிப்புல வெச்சி பீரோவுல பூட்டிடுங்கம்மா. வெயிலு படாது, தூசி படாது, யாரும் அடிக்கடி எடுக்க மாட்டாங்க." கேட்டவர்கள் முகமெல்லாம் மலர்ந்துவிடும். அண்ணாவுக்கும் இந்தப் பதில் பிடித்துப்போய், எல்லாரிடமும் அதைத் தன் யோசனையாகச் சொல்ல ஆரம்பித்தார். திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பீரோவில் அப்படி வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. பட்டுப்புடவைக்குள் பாச்சை உருண்டை இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

என் கல்யாணமும் அதே ஸ்டுடியோவின் கேமராவில்தான். கலாவின் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். மாமனாருக்கு மல்லாட்டையும் (அங்கே வேர்க்கடலைக்கு அதுதான் பேர்) கேப்பையும் போடுகிற நிலம் கொஞ்சம். பேசவே மாட்டார். நாலு வார்த்தை பேசினாலும் அதில் ரெண்டு மாட்டுக்காக இருக்கும். கேமராக்காரர் சும்மா இல்லாமல் அவர் கையில் மைக்கைத் திணித்து, "பொண்ணோட அப்பா ரெண்டு வார்த்த பேசுங்க" என்று சொல்லிவிட்டார். மனுஷன் மைக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினார்.

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு சட்டம் உண்டு. யார் என்ன பேசினாலும் அதை அடித்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போட்டுவிட வேண்டும். வாழ்த்துகிறவர்கள் வாயசைப்பார்கள், பாட்டு ஓடும். எத்தனை பேர் குரலை இந்தக் கையால் அழித்திருக்கிறேன்! ஆனால் அந்த நாற்பது வினாடிக்கு மட்டும் பாட்டுப் போடவில்லை. அண்ணா பார்த்துவிட்டு, "இங்க இன்னாபா பாட்ட வுட்டுட்ட?" என்றார். "மாமா பேசறாருணா." "அப்டி இன்னா பேசிட்டாரு அவரு?" "எனக்கு வேணும்ணா, வுட்டுடுங்க." விட்டுவிட்டார். அந்த ஸ்டுடியோவில் நான் ஜெயித்த ஒரே வாக்குவாதம் அதுதான்.

மொத்தம் ரெண்டு காப்பி போட்டேன். மாமனார் வீட்டு டப்பாவில் ஒரு வருஷத்திலேயே பல் போய், சிடி கீறல் விழுந்து ஓடாமல் ஆயிற்று. ஓடாத சிடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று என் மச்சான் அதைக் கயிற்றில் கட்டிக் கிளி விரட்டக் கேப்பைக் கொல்லையில் தொங்கவிட்டுவிட்டான். "நல்லா பளபளன்னு ஆடுது மாமா" என்று என்னிடமே சொன்னான். ஸ்டுடியோ கேசட்டில் அடுத்த முகூர்த்தத்துக்கே வேறொரு கல்யாணம் ஏறிவிட்டது, அதுதான் அங்கே வழக்கம். ஸ்டுடியோவும் பிறகு மூடியாயிற்று. நான் விழுப்புரத்துக்கு வந்து வேறு வேலையில் சேர்ந்தேன். வீட்டு ப்ளேயர் பழுதாகி எடைக்குப் போனது. ஊருக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்த நான், இதை ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருக்கலாம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று விட்டுவிட்டேன். திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள்.

ஆக, போன மாதம் என் கையில் இருந்தது கடைசிக் காப்பி. மூடி பால் ஊற்றியது மாதிரி வெளுத்துப்போய், தொட்டால் பிசுபிசுத்தது. கத்தி முனையை விட்டு நெம்பினேன், காது ரெண்டும் கையோடு வந்தன. உள்ளே சிடி புதுசு மாதிரி மின்னியது, கலாவின் முகம் அதில் தெரிந்தது. பற்கள்தான் உருகி, ஓட்டையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"கடையில குடுத்து எடுத்துக்கலாங்க" என்றாள்.

"இதுக்குக் கடையா? நான் எத்தினி எடுத்திருக்கேன்!"

நடுவில் அமுக்கினேன். அசையவில்லை. கொஞ்சம் பலமாக அமுக்கினேன். டக்கென்று ஒரு சத்தம்.

"வந்துடுச்சா?" என்றாள் கலா.

"வந்துடுச்சு" என்றேன். சிடி கையில்தான் இருந்தது. நடு ஓட்டையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. அவள் பார்த்துவிட்டாள். ரெண்டு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பெண்ணின் லேப்டாப்பில் சிடி போடுகிற இடமே கிடையாது. மறுநாள் காலையில் விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை கடையாக ஏறி இறங்கினேன். நாலு கடையில், "சிடியா சார்?" என்று சிரித்தே அனுப்பிவிட்டார்கள். அஞ்சாவது கடைக்காரர் மட்டும் பரண்மேலிருந்து ஒரு பழைய டிரைவை இறக்கித் துடைத்தார். விரிசலுக்கு மெலிசான டேப் ஒட்டி, மெதுவாகச் சுற்றவிட்டுப் பார்த்தார். அது கர் கர் என்று முனகிவிட்டு வெளியே தள்ளியது. மறுபடி போட்டார், மறுபடி தள்ளியது. நான் போதும் என்று சொல்கிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தார், நல்ல மனுஷன்.

"உள்ள எல்லாமே இருக்குது சார். எங்க இருக்குதுன்னுதான் அதுக்குத் தெரியல" என்றார். டப்பாவை மூக்கருகே கொண்டுபோனார். "பாச்சா உருண்ட கூட வெச்சிகினு இருந்தீங்களா? இந்த ப்ளாஸ்டிக்குக்கு அது ஆவவே ஆவாதே சார். யாரு சார் உங்களுக்கு இப்டி வெக்கச் சொன்னது?"

"யாரோ சொன்னாங்க" என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கலாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அவள் அந்தப் பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். அன்று பகலில் வளைகாப்புக்கு வேறு புடவைதான் கட்டிக்கொண்டு போய்வந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் மடிப்பையே நீவிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்கதான எடிட் பண்ணீங்க. எத்தினி வாட்டி கேட்டிருப்பீங்க. என்னா சொன்னாரு எங்கப்பா? புள்ளைங்க நல்லா இருக்கணும்னுதான சொன்னாரு?"

ப்ளேயர் ஓடிய நாளில் ஒன்றிரண்டு தடவை பார்த்ததோடு சரி, இத்தனை வருஷமாக அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்ல கலா. மொதல்ல தொண்டையக் கனைச்சாரு. 'எல்லாரும் இருந்து சாப்ட்டுப் போங்க'ன்னாரு. அப்புறம் என்னா பேசறதுன்னு தெரியாம கொஞ்ச நேரம் முழிச்சிகினு நின்னாரு. மைக்க கேமராக்காரர்கிட்ட குடுக்கும்போது, 'பாப்பா சாப்ட்டுச்சா?'ன்னு கேட்டாரு. அது மைக்குல வுழுந்துடுச்சி."

"என்னியா?"

"உன்னத்தான்."

புடவையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். "அவரு கேட்ட மாதிரியே ஒரு வாட்டி சொல்லுங்க."

அந்த நாற்பது வினாடியை முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். தலைப்பு எத்தனை எழுத்து, திரையில் கிராபிக்ஸ் பூ எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்பதெல்லாம்கூட ஞாபகம் இருக்கிறது. அந்தப் 'பாப்பா'வை அவர் எங்கே இழுத்தார், எங்கே விட்டார் என்பது மட்டும் பிடிபடவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன்.

"இப்டி இல்ல. கொஞ்சம் கரகரன்னு இருக்கும்."

மறுபடி சொன்னேன்.

"இன்னும் சத்தமா. கொல்லையில இருந்து கூப்புடற மாதிரி."

முடிந்தவரைக்கும் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, பலமாக, "பாப்பா சாப்ட்டுச்சா?" என்றேன்.

"சாப்ட்டேம்ப்பா!" என்று பக்கத்து அறையிலிருந்து எங்கள் பெண் குரல் கொடுத்தாள்.

கலா கண்ணைத் திறந்துவிட்டாள்.

"இது உங்க குரலுங்க" என்றாள்.