காலை இலைக்கு அல்ஜீப்ரா

எனக்கும் எக்ஸுக்கும் பகை மதராஸிலேயே ஆரம்பித்தது. காலேஜில் பி.ஏ.வுக்கு முந்திய எஃப்.ஏ. பரீட்சையில் மற்றப் பாடங்களெல்லாம் தேறி, கணக்கில் மட்டும் விழுந்தேன். மறுவருஷம் எழுதி மறுபடியும் விழுந்தேன். இந்தத் தடவை விழுந்த சத்தம் இன்னும் கொஞ்சம் பெரிது. பிறகு கல்கத்தாவுக்கு ரயில் ஏறி, கார்டன் ரீச் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கணக்குப் பிரிவுதான். ஆனால் அங்கே கூட்டல், கழித்தலோடு கதை முடிந்துவிடும். எக்ஸை ஊரிலேயே தொலைத்துவிட்டு வந்தேன் என்று நிம்மதியாக இருந்தேன்.

எனக்கு முப்பத்திரண்டு வயதாகும்போது அது ஹவுரா ஸ்டேஷனில் இறங்கி என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது. புதிதாக வந்த துரை ஓர் உத்தரவு போட்டார். என்னைப்போல் தற்காலிகமாக இருக்கும் குமாஸ்தாக்களில் எஃப்.ஏ. தேறியவர்களுக்கு வேலை நிரந்தரம். தேறாதவர்களுக்கு அடுத்த பரீட்சை முடிவு வரும்வரைதான் நாற்காலி. என் மனைவியும் இரண்டு பெண்களும் கும்பகோணத்தில் மச்சினன் வீட்டில் இருந்தார்கள். வேலை நிரந்தரமானால் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். போய்விட்டால் நானும் அந்த வீட்டுக்கே போய் நாலாவது ஆளாக உட்கார வேண்டும். மச்சினன் நல்லவன்தான். ஆனால் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து நம் வாயையே பார்ப்பான்.

படிக்க வழி தேடினேன். வீட்டில் வைத்துச் சொல்லித்தரும் புரொபசர் ஒருவர் இருந்தார். அவர் கேட்டது என் சம்பளத்தை விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். காலேஜ் தெருவின் பழைய புத்தகக் குவியலில் அல்ஜீப்ரா புத்தகம் ஒன்று கொள்ளை மலிவாகக் கிடைத்தது. கடைசியில் விடைகள் இருந்த பக்கங்களை யாரோ கிழித்துவிட்டதால் அந்த விலை. அதில் ஒரு மாதம் கணக்குப் போட்டேன். விடை இல்லாததால் நான் போட்டதெல்லாம் சரியாகவே வந்தது.

பவானிபூரில் தமிழர்களாகச் சேர்ந்து நாங்கள் நடத்திய மெஸ்ஸுக்கு மானேஜராக இருந்தவர் ஒரு பாங்கியில் பெரிய குமாஸ்தா. அவர் வேறு யோசனை சொன்னார்: போட்ட கணக்குகளை அப்படியே நெட்டுருப் போட்டுவிட வேண்டும், வேதத்தையே வாயால் பிடித்து வைத்த கூட்டத்துக்கு இது ஒரு பிரமாதமா என்றார். கிணற்றடியில் குளித்துக்கொண்டே பைனாமியல் தியரத்தை உரக்கச் சொல்வேன். பக்கத்து அறைக்காரர் ஏதோ ஸ்தோத்திரம் என்று எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பலன் அவருக்குக் கிடைத்ததோ என்னவோ, எனக்குக் கிடைக்கவில்லை. ஏ, பி இருந்த இடத்தில் எக்ஸ், ஒய் வந்தால் வாய் அடைத்துவிடும்.

அப்போதுதான் ஒரு வங்காளிப் பையனைப் பற்றித் தெரிந்தது. பையன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நான் அவரை மாஸ்டர்மொஷாய், அதாவது வாத்தியார் ஐயா, என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னைத் தாதா என்றார்; அவர்கள் பாஷையில் அண்ணா. கிழக்கு வங்காளத்துக் கிராமத்திலிருந்து வந்து பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் சேர்ந்து எடுத்த வீடு ஒன்றில் படுக்க மட்டும் இடம். கல்கத்தாவில் ஏழை மாணவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: ஒரு வீட்டில் பாடம் சொல்லித்தருவது, அங்கேயே சாப்பிட்டுக்கொள்வது. பணப் பேச்சே கிடையாது. இதைக் கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். எங்கள் மெஸ்ஸில் ஆளுக்குக் காலையில் ஓர் இலை, ராத்திரி ஓர் இலை. என் காலை இலையை அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

சமையற்காரருக்கு இதில் ஒரு பெரிய சங்கடம். வந்தவர் பூணூல் போட்டிருக்கிறார். ஆனால் மீன் சாப்பிடுகிறவர். இப்படி ஒரு பிறவி உண்டென்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெகுநேரம் யோசித்து, கிணற்றடித் தாழ்வாரத்தில் தனியாக இலை போட்டார். மாஸ்டர்மொஷாய் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்து, ரசத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் சாப்பிட்டார். இலையை மடித்தபோது அதில் கறிவேப்பிலைகூட மிச்சமில்லை.

பாடம் சாப்பாட்டுக்கு முன்னால். சிலேட்டை முழங்காலில் சாய்த்துக்கொண்டு, எக்ஸ் என்பது பூதமல்ல, இன்னும் பெயர் தெரியாத ஓர் ஆசாமி, அவ்வளவுதான் என்று தொடங்கினார். அவர் சொல்லும்போது எனக்குப் புரிந்தது. அவர் போன பிறகும் புரிந்ததுதான் அதிசயம். ஒரு வாய்க் காப்பியை மட்டும் குடித்துவிட்டு டிராம் ஏறுவேன். பதினோரு மணிக்கு என் வயிறு போடும் கூச்சலில் துரை எழுந்து ஜன்னலைத் திறந்து ஆற்றில் எந்தக் கப்பல் ஊதுகிறது என்று பார்ப்பார். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். மழைக்காலம் முடிவதற்குள் குவாட்ராட்டிக் ஈக்வேஷனுக்கு வந்துவிட்டோம்.

எங்கள் மெஸ் ஆசாரமான மெஸ். ஏகாதசியன்று அடுப்பில் அரிசி ஏறாது. கிருத்திகைக்கும் பிரதோஷத்துக்கும் பகல் பட்டினி. இவை போதாதென்று அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் ஊரிலிருந்து ஒரு விரதத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். ராத்திரி பலகாரம் உண்டு. அதுவும் பலமாகவே உண்டு. எல்லாருக்கும் விரத நாள் வேறு, மற்ற நாள் வேறு. எனக்குத்தான் எல்லாக் காலையும் ஏகாதசி. என் வயிற்றுக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

மாஸ்டர்மொஷாய் அந்த நாட்களிலும் வந்தார். பாடத்தை முடிப்பார், இலை போடவில்லை என்று கண்டுகொள்வார், ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காலேஜுக்கு நடப்பார். மார்கழி பிறந்ததும் மெஸ்ஸில் பக்தி இன்னும் முற்றியது.

ஒருநாள் காலையில் சிலேட்டில் அவர் போட்ட கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போன எண் குறி மாறாமல் அப்படியே போயிருந்தது. நான் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு தடவை கணக்கில் விழுந்தவன் பி.ஏ. மாணவனின் பிழையைப் பிடித்துவிட்டேன். மைனஸ் வரவேண்டும் மாஸ்டர்மொஷாய் என்று சொல்லும்போதே எஃப்.ஏ. என் மடியில் வந்து விழுந்துவிட்டதாகத் தோன்றியது. அவர் அழித்து எழுதினார். மறுபடியும் அதே தப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். பலப்பம் அவர் கையை விட்டு உருண்டு போய்க்கொண்டிருந்தது. அவர் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். தொட்டால் உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஆங்கிலமும் ஹிந்துஸ்தானியும் கலந்து மெதுவாகக் கேட்டார். என் காதில் அது தமிழாகவே நிற்கிறது.

"தாதா, உங்க ஊர்ச் சாமிகளுக்குப் பசியே எடுக்காதா?"

அப்போதுதான் விசாரித்தேன். எங்கள் இலை ஒன்றுதான் அவருக்கு ஒருநாள் முழுவதற்கும். சாயங்காலம் டாக்குரியா பக்கம் இன்னொரு வீட்டில் பாடம் சொல்லி வந்தார். அது படுக்கை வாடகைக்கு. அங்கே சாப்பாடு கிடையாது.

மானேஜரிடமும் சமையற்காரரிடமும் போய் நின்றேன். விரத நாட்களில் அவருக்கு மட்டும் ஒரு பிடி அரிசி போட்டால் போதும் என்றேன்.

"ஏகாதசியன்னிக்கு இந்த அடுப்புல அரிசி வேகாதுங்காணும்," என்றார் சமையற்காரர். "வேணும்னா ராத்திரி வரச்சொல்லும், கோதுமை அடை போடறேன்."

"ராத்திரி அவர் டாக்குரியாவிலேருந்து நடந்து வரணும்."

"நடந்தா நன்னாப் பசிக்கும்," என்றார் மானேஜர். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அது நல்ல ஏற்பாடு என்று நினைத்துத்தான் சொன்னார். "ஓய், அவருக்காக நாம எல்லாரும் நரகத்துக்குப் போகணும்னு சொல்றீரா? எட்டுப் பேர் போனா அங்கேயும் ஒரு மெஸ் வைக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். வழக்கத்தை விடமுடியாமல் நானும் சிரித்தேன்.

அதன்பிறகு விரத நாட்களில் தெருமுனைக் கடையில் அரிசிப் பொரியும், எண்ணெயில் வறுத்த பலகாரமும் வாங்கிவந்து வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் பொட்டலத்தை மடித்துவிடுவார். மண்ணீரல் வீங்கி வயிறு ஒரு பக்கம் மேடிட்டுவிட்டது. காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. வந்த நாளிலும் பாடத்தை நிறுத்தவில்லை. பைனாமியல் தியரத்தைத் தொடங்க வேண்டிய வாரத்தில் அவர் வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். கூட இருந்த மாணவர் ஒருவர், மூட்டையோடு அவரை ஷியால்டா ஸ்டேஷனில் ஊருக்கு ரயிலேற்றிவிட்டு வந்ததாகச் சொன்னார். பரீட்சைக்குள் திரும்பிவிடுவார் என்றார். அவருக்கும் அந்தப் பருவத்தில்தான் பி.ஏ. பரீட்சை.

நான் தனியாக உட்கார்ந்து படித்தேன். பரீட்சை மண்டபத்தில் கேள்வித்தாளை விரித்தால் குவாட்ராட்டிக் கணக்குகள் வரிசையாக நின்றன; அவர் சொல்லித்தந்த மாதிரியே, சிலேட்டிலிருந்து இறங்கி வந்ததுபோல. போட்டேன். பைனாமியலில் வந்த கேள்வியைத் தொடவில்லை. கிணற்றடிப் பாராயணத்தை எழுதிப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, விட்டுவிட்டேன்.

முடிவு வந்தது. தேறியிருந்தேன், மூன்றாம் வகுப்பில், வாசற்படியில் கால் தடுக்கி உள்ளே விழுகிறவனைப்போல. துரை கைகொடுத்தார். கும்பகோணத்துக்குத் தந்தி கொடுத்துவிட்டு நேரே மாஸ்டர்மொஷாய் இருந்த வீட்டுக்குப் போனேன். அவர் படுத்திருந்த இடத்தில் வேறு யாருடைய பாயோ விரித்திருந்தது. அதே மாணவர்தான் இருந்தார்.

"பரீட்சைக்கு வரலை," என்றார்.

"இப்போ எப்படி இருக்காராம்?"

"சேதி ஒண்ணும் வரலை தாதா. ஆத்துல படகு ஏறிப் போகிற ஊர் அது." சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பார்க்கத் தொடங்கினார். பார்வையை எடுக்காமலே, "உங்களுக்குப் பாஸாயிடுச்சு இல்லையா?" என்று கேட்டார்.

ஆகிவிட்டது என்றேன்.

மெஸ்ஸுக்குத் திரும்பினால் ஏக அமர்க்களம். மானேஜரே முன்னின்று பாயசத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். நல்லவேளையாக அன்று எந்த விரதமும் இல்லை. கூடத்தில் பந்தி நடுவே எனக்கு இலை போட்டார்கள். சமையற்காரர் தம் கையாலேயே முதல் கரண்டியை எனக்கு ஊற்றினார். பாயசம் மிகவும் நன்றாக இருந்தது. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.