நகராத ஒரு லைன்

எந்த வேலை எந்தத் தேதியில் என்று கோடு கோடாகக் காட்டும் பார் சார்ட்டைப் பிரிண்ட் எடுத்து சிமென்ட் ஷெட் கதவில் ஒட்டிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருஷமாகச் சுவரில் சாக்பீஸால் வேலைத் தேதி எழுதிவந்த சைட் சூப்பர்வைசர் நான். திருத்தணி மலையடிவாரத்தில் லாட்ஜ் கட்டும் வேலை எடுத்தபோது முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: “லாட்ஜ் கட்டுற பார்ட்டி வாராவாரம் ஷெட்யூல் கேக்குறாருய்யா. சாக்பீஸ கீழ போடு. சாப்ட்வேர் கத்துக்க.”

போனில் வீடியோ பார்த்து, ரெண்டு விரலால் தட்டித்தான் கற்றுக்கொண்டேன். வேலையின் பெயர், எத்தனை நாள், ஆரம்பத் தேதி, முடிகிற தேதி. நாற்பத்தாறு வரி. எல்லாத் தேதியையும் நானே கையால் அடித்தேன். அங்கேதான் தப்பு. புதிதாகச் சாப்ட்வேரில் உட்காரும் பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள்.

எத்தனை நாள் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் “ரெண்டு நாள் சார்” என்பார்கள். பிளம்பர் சொல்லும் ரெண்டு நாள் ஒரு வாரம். டைல்ஸ்காரர் சொல்வது அவர் வரும் வரைக்கும். கம்பி மேஸ்திரி முனிரத்தினம் ஒருத்தருக்குத்தான் அது நிஜமாகவே ரெண்டு நாள். நான் எல்லாருக்கும் 2 என்றே போட்டுவைத்திருந்தேன்.

ரெண்டு தபா

முதல் மாடி ஸ்லாப் நேரத்தில் கம்பி லோடு மூன்று நாள் தாமதம். சாப்ட்வேரில் அந்த ஒரு வரியை மாற்றினேன். மற்ற வரிகள் அசையவே இல்லை. எதற்குப் பின் எது என்று நான் அதற்குச் சொல்லவில்லையே. ஒவ்வொன்றாக மவுஸால் இழுத்தேன். பிறகு ஒவ்வொருவருக்கும் போன். அடுத்து மழையில், ஸ்லாப்புக்கு அடிப்பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலை நின்றது. மறுபடி இழுப்பு, மறுபடி போன்.

எலக்ட்ரீஷியன் கரீம் பாய் அரக்கோணத்துக்காரர். ஸ்லாப்பில் அடிக்கம்பி கட்டியதும் ஒயருக்கான பைப்பை அவர்தான் போட வேண்டும். தேதி மாறியதைச் சொன்ன ரெண்டு முறையும் “ஆங்... சரி சார்” என்று இழுத்தார். நானும் வைத்துவிட்டேன்.

மழை விட்ட பிறகு மூன்றாம் முறை, பைப் வேலை அடுத்த வியாழக்கிழமை என்று சொல்லக் கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தார். தேதியைச் சொன்னேன்.

“சார், நான் அவரு வூட்டுக்காரி பேசுறேன். ரெண்டு தபா நீங்க தேதிய மாத்துனீங்க, ரெண்டு தபா நான் என் ஆபரேசன தள்ளிப் போட்டேன். வயித்து வலிய பொறுத்துக்கினு கீறேன். இப்போ நீங்க சொல்ற அதே வியாழக்கிழமதான் எனக்கு ஆபரேசன். அத்த வுட்டா அப்பறம் எப்போன்னு தெரியாதுன்னுட்டாங்க டாக்டரம்மா. இவரு உங்களாண்ட சொல்லமாட்டாரு. கம்பிக்கு, பைப்புக்கெல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல ஒரு லைன் போட்டு வெச்சிகிறீங்களாமே. எனக்கும் ஒரு லைன் போடுங்க சார்.”

போடுகிறேன் அம்மா என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பாயைக் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. “சொன்னா வேற ஆள போட்டுட்டா இன்னா சார் பண்றது? அதுவுமில்லாம கதவுல அச்சடிச்சு ஒட்டிகிது தேதி. அத்தப் போய் மாத்தச் சொல்றதா?” என்றார். சாக்பீஸ் தேதி என்றால் சண்டை போட்டிருப்பார். நான் ஒட்டிய தாள் அவர் வாயை அடைத்துவிட்டது.

நாற்பத்தேழாவது வரி

கான்கிரீட்டைத் தள்ளிப்போட வழியில்லை. கலந்த கான்கிரீட்டோடு ரெடிமிக்ஸ் லாரி மறுநாள் வெள்ளிக்கிழமையே வந்தாக வேண்டும். சனிக்கிழமை முதல் ஆடிக் கிருத்திகைக் கூட்டம். அடிவாரத்து ரோட்டில் லாரி விடமாட்டார்கள்.

நாற்பத்தேழாவது வரியாக “பாய் வீட்டில் ஆபரேஷன்” என்று போட்டு, வியாழக்கிழமையை நகராமல் பூட்டினேன். பிறகு கையால் அடித்த தேதிகளை எல்லாம் அழித்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் போய் ஆபரேஷன் வரியைக் காட்டி வேறு கேள்வி கேட்டேன்: உங்களுக்கு முன்னால் யார் முடிக்க வேண்டும்? முனிரத்தினம் சொன்னார்: “முழு ஸ்லாப்பும் நான் கட்டி முடிக்கணும்னு யாரு சொன்னது? பாதி கட்டினா பாய் அதுல எறங்கட்டும். நான் மீதிப் பாதிக்குப் போறேன்.” எத்தனையோ ஸ்லாப் போட்டவன் நான், எனக்கு இது தோன்றவில்லை. ஒரே வரியாக எழுதியதால் ஒரே வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரியை ரெண்டாக உடைத்து, எதற்குப் பின் எது என்று இணைத்தேன். திங்கள் முதல் பாதிக் கம்பி. செவ்வாய் அதில் பைப், அந்தப் பக்கம் மீதிக் கம்பி. புதன் மீதிப் பைப். வியாழன் மேல்கம்பி, அதற்குப் பாய் தேவையில்லை.

திங்கள் மத்தியானம் முனிரத்தினத்தின் ஆள் ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். ஒரு நாள் கூடும் போலிருந்தது. லேப்டாப்பில் ஒரு நாளைக் கூட்டிக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. கோடு நகர்வது தெரியும். கம்பிக் கோடு நீண்டது, பாயின் கோடு தானாக வியாழனுக்குத் தள்ளிப் போனது. அவர் குனிந்து பார்த்தார்.

“என் கோடு நீண்டா அந்தம்மா கோட்டுல போய் இடிக்குதே சார்.”

உடனே பொதட்டூர்பேட்டையில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார். “பாவா, இன்னொருத்தனையும் இட்டுக்கினு காலைல மொத பஸ்ல வந்துடு” என்றார். காரணம்கூடச் சொல்லவில்லை.

புதன் நாலு மணிக்குப் பாய் கடைசிப் பைப்பைக் கட்டிவிட்டுப் பையைத் தூக்கினார். அந்த வாரத் தாளைப் பார்த்து முதலாளி, “இன்னாய்யா இது, ஆபரேசனெல்லாம் போட்டுகிற, பார்ட்டி சிரிக்கமாட்டாரா?” என்றார். அந்த வரி இல்லாவிட்டால் மற்ற வரிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று யாருக்கும் புரியாது என்றேன். எடுக்கச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை லாரி சத்தத்துக்கு நடுவில் பாய் கூப்பிட்டார். நல்லபடியாக முடிந்தது, ரெண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம் என்றார். அவர் பெயருக்கு எதிரே நான் எட்டு நாள் லீவு போட்டேன்.

இப்போதும் புது ஷெட்யூல் போடுமுன் ஆட்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த மாசம் உங்களுக்கு நகர்த்த முடியாத நாள் எது? ஒண்ணுமில்ல சார் என்பார்கள். அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பேன். அப்புறம் சொல்வார்கள். அதைத்தான் முதல் வரியாகப் போடுகிறேன்.