வேலை நேரத்தில் ஒரு அழைப்பு

அந்தக் கம்பெனியில் போன் வைக்கும் பெட்டியெல்லாம் கிடையாதாம். ஆனால் வேலை நேரத்தில் போனை எடுத்தால் பெயரைப் பலகையில் எழுதி, சாயங்காலம்வரை அழிக்காமல் வைப்பார்களாம். முடிவெட்டுகிறவர் சொன்னது. அவருக்கு மச்சினன் சொன்னானாம், மச்சினனுக்கு யாரோ.

கேட்டதிலிருந்து, முடிவெட்டிக்கொள்ளப் போனவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மருந்து அட்டைப்பெட்டிகள் அச்சாகும் இடங்களில் பதினாறு வருடம் ஓட்டியவர். அட்டையை மாதிரியோடு ஒட்டிப் பார்த்து, ஒரு புள்ளி விலகியிருந்தாலும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்வார். கடைசியாக இருந்த அச்சகத்தில், யாரும் படம் எடுத்துவிடக் கூடாதென்று எல்லோர் போனையும் வாசலில் எண் போட்ட மரப்பெட்டியில் பூட்டிவைப்பார்கள். அவருடைய எண் இருபத்திரண்டு.

போன வருடம் ஒரு பகல், வீட்டில் தனியாக இருந்த அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். கையில் போன் இருந்தது. அவருக்கு அழுத்தத் தெரிந்தது மகனுக்கான அந்த ஒரே பொத்தான்தான். ஒன்பது முறை அழுத்தியிருக்கிறார். ஷிப்ட் முடிந்து பெட்டியைத் திறந்தபோது ஒன்பதும் வரிசையாக நின்றன. வீட்டுக்கு ஓடி என்ன பயன்? எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பட்டியலை இன்றுவரை அவர் அழிக்கவில்லை. மறுமாதமே வேலையை விட்டார்.

எட்டு மாதமாக வேலை தேடிக் கொடுத்துக்கொண்டிருப்பவள் ஏஜென்சிப் பெண். குறை சொல்ல முடியாது. அவருடைய விவரத்தாளைத் திருத்தி எழுதி, நேர்முகத்துக்கு முன் அரைமணி நேரம் பேசிப் பழக்கினாள்.

"அண்ணா, போன் விஷயத்தை மட்டும் அங்க கேக்காதீங்க. வேலையில கவனம் இல்லாத ஆளுன்னு நினைச்சுடுவாங்க."

அவரும் கேட்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது. இன்று ஐந்து மணிக்குள் சரியா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். மாதக் கடைசியில் இந்த நாட்டில் தங்கும் அனுமதி முடிகிறது. வேலை இல்லையென்றால் மகளைப் பரீட்சைக்கு முன்னால் பள்ளியிலிருந்து பிய்த்துக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

காலையில் பலகை விஷயத்தை ஏஜென்சிப் பெண்ணிடமே போனில் கேட்டுவிட்டார்.

"எனக்குத் தெரியாதுண்ணா. நான் அவங்க வரவேற்பறையைத் தாண்டி உள்ள போனதே இல்ல." சற்று நிறுத்தி, தயங்கிக் கேட்டாள்: "தப்பா நினைக்காதீங்க. இப்ப உங்களை அவசரமா யாரு கூப்பிடப் போறாங்க?"

போனை வைத்துவிட்டு மனைவியிடம் வந்தார்.

"உங்க ரேடியோ அங்கதானே இருக்காரு? அவர்கிட்ட கேட்டா ஆச்சு," என்றாள் மனைவி. பழைய அச்சகத்தில் வாய் ஓயாததால் அந்தப் பெயர் பெற்ற நண்பன். இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் புதுக் கம்பெனியில் சேர்ந்திருந்தான்.

"நேத்து ராத்திரி கேட்டேன். 'நல்லாத்தான் இருக்கு'ன்னு வெச்சுட்டான். அவன் ரெண்டு வார்த்தையில நிறுத்துற ஆளா?"

"அப்ப இப்பவே அடிங்க. வேலை நேரம்தானே? எடுத்தா சேருங்க."

"எடுத்து, அவன் பேரைப் பலகையில எழுதிட்டா?"

அவள் மகளின் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

அவர் ரேடியோவின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். மணி அடித்தது. அப்பாவும் இப்படித்தானே கேட்டுக்கொண்டு கிடந்திருப்பார் என்று நினைப்பு ஓடியது. அழைப்பு தானாக அறுந்துபோனது. மறுபடி அழுத்தினார்.

"எடுடா," என்றார் மெதுவாக. "திட்டவாவது எடுடா."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.