என் மகள் படத்தில் இருக்கும் ஜடை

பெயின்டர் அண்ணாச்சி போய்விட்டார்... காலையில் தாராவியிலிருந்து போன். தாராவியை விட்டு நான் சுனாபட்டிக்குக் குடிவந்ததிலிருந்து எல்லாச் சேதியும் லேட்டாகத்தான் வருகிறது.

எங்கள் ஹாலில் ரெட்டை ஜடையோடு ஒரு சின்னப் பெண் படம் இருக்குமே, பார்த்திருப்பீர்கள். என் மகள் செல்விதான். அப்போது ஏழு வயசு. ஆனால் அந்த வயசில் அவளுக்கு ஜடையே கிடையாது.

திருச்செந்தூரில் மொட்டை போட்டு வந்து நாலைந்து மாசம்தான். ரயிலில் திரும்பும்போது தொப்பியை ஜன்னல் வழியாகப் பறக்கவிட்டு, கல்யாண் ஸ்டேஷன் வரைக்கும் அழுதாள்... சரி, அதை விடுங்கள்.

மகளைப் பெயின்டிங்காகச் சுவரில் மாட்ட என் வீட்டுக்காரருக்கு ஆசை. ஸ்கூல் ஐடி கார்டு போட்டோவைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அண்ணாச்சியிடம் சின்ன போட்டோவோடு வருகிறவர்கள் எல்லாம் இழவு வீட்டுக்காரர்கள்தான். ரேஷன் கார்டில் இருக்கிற முகத்தைப் பெரிதாக வரைந்து, மாலையும் சேர்த்தே வரைந்து கொடுப்பார்.

என் வீட்டுக்காரருக்கோ எப்போதும் இழவு வீட்டு முகம். வாயும் திறக்க மாட்டார்.

"மனசத் தேத்திக்கிடும்யா" என்று டீ வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறார் அண்ணாச்சி. இவரும் குடித்துவிட்டு வந்துவிட்டார்!

படம் வந்தது. முகம் அப்படியே செல்வி... கழுத்தில் ரெண்டு பக்கமும் தொங்குகிற செவ்வந்தி மாலை.

அன்றைக்கே பிள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

நான் படத்தைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி கடைக்கு ஓடினேன். "எம்புள்ள உசுரோட இருக்கா... மாலையப் போட்டுட்டீரே! ஒம்ம கை வெளங்குமாய்யா?"

அண்ணாச்சி படத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் படத்தோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். மாலை மேல் கறுப்பு பெயின்ட் அடித்து, ரெண்டு நீள ஜடை. நுனியில் சிவப்பு ரிப்பன்.

"ஐயே, இது நானா? எனக்கு எப்ப இவ்ளோ லம்பா முடி வந்துச்சு?" செல்வி சிரித்தாள். காய்ச்சல் வந்ததிலிருந்து கண்ணே திறக்காத பிள்ளை...

அதற்கப்புறம் செத்தவர்கள் படத்தில்கூட அவர் மாலை வரையவில்லையாம். "பூ வாங்கி நீங்களே போட்டுக்கிடுங்க" என்பாராம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கையைத்தானே நான் சபித்தேன்...

நேரில் போய்ச் சொல்லி அழுதேன்.

"அட கோட்டி! எம்பொண்டாட்டி முப்பது வருசமா தெனமும் ஏசுதா. அதுல ஒண்ணுகூட பலிக்கல. ஒன் ஒத்த சாபமா பலிச்சிரும்?"

உள்ளே இருந்து மைனி கத்தினார்கள்: "ஏன், என் வாய்க்கு என்ன கொறச்சலாம்?"

மூணு பேரும் சிரித்தோம். இடது கையால் எனக்குத் தட்டில் முறுக்கு எடுத்து வைத்தார்.

அவர் சொன்னதை முழுசாக நம்பினேனா, தெரியவில்லை...

உங்களை ஏசிய அதே வாயால்தான் சொல்கிறேன். நல்லபடியாகப் போய்ச் சேருங்க, அண்ணாச்சி.