மொல்டோவா வானுக்குக் கொண்டுபோன பை

இத்தாலியின் பலெர்மோவில் ஒருவர் பையை நீட்டினால் உள்ளே ஹெரோயின்தான் இருக்கும் என்று நம்பினேன். ஐம்பத்திரண்டு வயது, லண்டனில் ஒழுங்காக வரி கட்டும் ஆள். ஆனால் மாபியாப் படங்கள் அளவுக்கு மீறிப் பார்த்தவன்.

ஞாயிறு, காலை பதினொரு மணி. அல்பெர்கேரியாப் பகுதியில் நாலாம் மாடியில் மனைவியின் தங்கை வசந்தி வீட்டில் தங்கியிருந்தேன். அவள் வேலை செய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, திடீரென்று அழைத்துவிட்டார். வசந்தி சப்பாத்தை மாட்டியபடியே துணிப்பையொன்றை நீட்டினாள்.

"அத்தான், சும்மாதானே இருக்கிறியள். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலை மொல்டோவா வான் நிக்கும். நத்தாலியாவின்ரை சாமான், குடுத்திட்டு வாங்கோ. ஒரு மணிக்கு வெளிக்கிட்டிடுவாங்கள்."

நத்தாலியா அந்த சிஞ்ஞோராவின் தாயைப் பராமரிக்கும் மொல்டோவாப் பெண். இங்கே வேலை செய்கிறவர்களின் பொதிகளை ஞாயிறுதோறும் மொல்டோவாவுக்கு ஏற்றிப்போகும் வண்டிதான் அந்த வான்.

ஒரு கிலோமீற்றர் நடை. பல்லாரோ சந்தையில், கத்திரிக்காய்க் கடையருகே, பைக்குள் எட்டிப் பார்த்தேன். வரிசையாக ஊசிகள், மருந்து நிரப்பியபடி. எதிரே கோப்பி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பொலிஸ்காரரில் ஒருவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் கிடந்த பெரிய மீன் தலையைத்தான் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கால்கள் என்னைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டன. பையைக் குப்பைக் குவியலில் வைத்துவிட்டு, அப்பாவி முகத்தோடு இரண்டரை யூரோவுக்கு ஒரு அரஞ்சீனா சோற்றுருண்டை வாங்கித் தின்றேன். பிறகு குடும்பத்தைக் காப்பாற்றிய பெருமையோடு வசந்திக்குப் போன் எடுத்தேன்.



"அது நத்தாலியாவின்ரை அம்மாவுக்கு, அத்தான். இடுப்பு எலும்பு உடைஞ்சு ஒப்பரேஷன் செய்தது. ரத்தம் கட்டாமல் ஒவ்வொரு நாளும் போடுற ஊசி. அங்கை மொல்டோவாவிலை ஊர் பாமசியைப் பூட்டிப்போட்டாங்கள். புதன்கிழமையோடை இருக்கிறது முடியுது."

ஓடினேன். இந்தத் தெருவில் நாட்கணக்காகக் குப்பை அள்ளுவதில்லை என்று வசந்தி முதல் நாள்தான் திட்டியிருந்தாள். அன்று அள்ளியிருந்தார்கள். ஈரத் தெரு மட்டும் மினுங்கியது.

வானருகே பெண்கள் எண்ணெய்ப் போத்தல்களையும் முதியோர் அணையாடைப் பொதிகளையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேலையிடத்தில் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி, வானை வழியனுப்ப நத்தாலியா அப்போதுதான் வந்திருந்தார். பெயரைச் சொல்லிக் கேட்டுக் கண்டுபிடித்தேன். போனை அவரிடம் கொடுத்தேன். வசந்தி சொல்லச் சொல்ல, அவர் வானையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய ஊர்த் தாதியும் இத்தாலியில்தானாம், யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டு. அங்கே தாய்க்கு ஊசி போடுவது பக்கத்து வீட்டுக்காரி. தூக்கவும் துடைக்கவும் தெரிந்த கைகளெல்லாம் இங்கே வந்துவிட்டன, தாய்மார் அங்கே கிடக்கிறார்கள். யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் அம்மாவின் பிரஷர் குளிசைகளைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டு போகிறவன் நான். என்னைக் கடத்தல்காரன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

நத்தாலியா போனில் ஏதோ சொல்லிவிட்டு, அதை என்னிடம் தந்தார்.

"நீங்கள் பயந்துபோனீங்களோ எண்டு கேக்கிறா," என்றாள் வசந்தி.

வாயில் ஒரு பகிடி தயாராக இருந்தது. வரவில்லை. ஓம் என்றேன்.

ஞாயிறு திறந்திருந்த ஒரேயொரு பாமசியில் டொக்டரின் சீட்டுக் கேட்டார்கள். டொக்டர் திங்கட்கிழமைதான். ஒன்று பத்துக்கு வான் புறப்பட்டது.

ஊசிகள் அடுத்த ஞாயிறு போயின. அதற்கு முன்பே நத்தாலியாவின் தாய்க்கு ரத்தம் கட்டிக் கால் வீங்கி, நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.