கேக் வெட்ட வராத டீச்சர்

சச்சிதானந்தனுக்கு ஜூலையில் ஐம்பது வயது. லண்டன் இல்ஃபோர்டில் மண்டபம் எப்போதோ பிடித்தாயிற்று. பாரிஸிலிருந்து சித்தப்பா குடும்பம் டிக்கெட் போட்டுவிட்டது. அவருடைய கோட்டுக்கும் மனைவி சிவரூபினியின் சேலைக்கும் ஒரே மயில்நீலம். எல்லாம் கூடிவந்த வேளையில்தான் சிவரூபினி தேநீரை அவர் முன்னால் வைத்துவிட்டு உட்காராமல் நின்றாள்.

“என்னப்பா, அந்த ஆர்க்டிக் பயணத்துக்கு என்னைத் தெரிவு செய்திட்டினம்.”

நோர்வேக்கும் வடக்கே, மரம் ஓங்கி வளராத உறைநிலத்தில் செடிகளை ஆராயும் விஞ்ஞானிகள் ஒரு பள்ளி ஆசிரியரையும் தங்களோடு அழைத்துப்போகிறார்கள். அவள் விண்ணப்பித்தபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

“எப்பவாம்?”

“ஜூலை. பனி உருகிப் பூக்கிறது அந்தக் கொஞ்ச நாள்தான். அதுக்குள்ள அளந்து முடிக்க வேணும்.” “உங்கட விழாவும் அப்பதானே. ஏலாதெண்டு சொல்லிப்போடுறன்.”

அப்பாடா என்றுதான் அவருக்கு முதலில் இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

அரைகுறை ஆங்கிலத்தோடு இந்த ஊருக்கு வந்தவள். பகலில் கடையில் கல்லாப்பெட்டி, மாலையில் கல்லூரி, மகள் மேனுஷா வயிற்றில் இருக்கும்போது பரீட்சை. விஞ்ஞான ஆசிரியையாக வகுப்புக்குப் போன முதல் நாள், பிள்ளைகள் தன் உச்சரிப்பைக் கேலி செய்தார்கள் என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாள் அதே வகுப்புக்குப் போனாள். இத்தனை வருடத்தில் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. இன்றும் கேட்கவில்லை, ஏலாது என்ற பதிலையும் தானே சொல்லிக்கொண்டு நிற்கிறாள். அது அவர் நெஞ்சைப் பிளந்தது.

“ரூபி, நீர் போம்.”

“விசரே உங்களுக்கு? சனம் என்ன கதைக்கும்?”

“கதைக்கட்டும். நீர் இல்லாட்டியும் எனக்கு வயசு போகும். அந்தப் பூ உமக்காகக் காத்துக்கொண்டு நிக்குமே?”

சனம் கதைத்தது. முதலில் கதைத்தது வடலண்டன் எட்மண்டனில் இருக்கும் அவருடைய அக்கா கலாவதி.

“தம்பி, புல்லு அளக்கவோ புருசனை விட்டிட்டுப் போறாள்? இல்ஃபோர்ட் பார்க்கில இல்லாத புல்லே?”

ஹீத்ரோவில் அவளை வழியனுப்பிவிட்டு வந்து காருக்குள் உட்கார்ந்து அழுதார்.

விழா நாள் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. விளக்கெல்லாம் அவர் மேல். படம் எடுக்க வந்த பெடியன், விசயம் தெரியாமல், மேடையிலிருந்து உரக்கக் கேட்டான்.

“அண்ணை, அக்காவைக் கூப்பிடுங்கோவன், கேக் வெட்டுவம்!”

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கலாவதி அக்கா தலையைக் குனிந்துகொண்டார். சச்சிதானந்தன் மைக்கை வாங்கினார்.

“என்ர மனிசி வரேல்ல. ஏன் வரேல்லயெண்டு கனபேர் இஞ்ச குசுகுசுக்கிறியள், நானே சொல்லுறன். அவ இப்ப துருவத்தில, குளிருக்குள்ள முழங்காலில இருந்து, கணுக்கால் உயரம்கூட இல்லாத மரங்களை அளந்துகொண்டிருக்கிறா. பனிக்கரடி வந்தாலுமெண்டு பக்கத்தில ஒராள் துவக்கோட காவல். பூமி சூடாகிறதை அந்தச் செடியள் காட்டிக்குடுக்குமாம். செப்ரெம்பரில உங்கட பிள்ளையளுக்கு அவ தன்ர கண்ணால கண்டதைப் படிப்பிப்பா. நான் கடை போட்டன், வீடு வாங்கினன், உண்மைதான். ஆனா என்னை ஆரெண்டு கேட்டால், நான் அந்த டீச்சரின்ர புருசன். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு வேண்டாம்!”

மண்டபத்தில் எழுந்த கைதட்டலில் கண்ணாடி யன்னல்கள் அதிர்ந்தன. மேனுஷா ஓடிவந்து அப்பாவின் கையோடு தன் கையையும் சேர்த்துக் கத்தியைப் பிடித்தாள். கேக்கை எங்கே வெட்டினோம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. கண் அப்படி மறைத்தது.

சாப்பாட்டு வரிசையில் அக்காவின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது. பாரிஸ் சித்தியை மறித்து வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்ர தம்பியின்ர பெண்சாதியெல்லோ! கரடியளுக்கு நடுவில நிக்கிறாள். இவள் போயிருக்காட்டி அந்த ஆராய்ச்சியே நிண்டுபோயிருக்குமாம்.”

“உண்மையே பிள்ளை?”

“வேணுமெண்டால் அவனையே கேளுங்கோ. தம்பி, அப்பிடித்தானே?”

சச்சிதானந்தன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வாய் கூசாமல் சொன்னார்.

“ஓம் அக்கா.”