கலைவாணி டீச்சரும் துறந்தவர்களும்

எங்கள் அண்ணி கலைவாணி செஞ்சியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். மகாவீரர் வீட்டை விட்டுப் போனார், புத்தர் வீட்டை விட்டுப் போனார் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால், வீட்டை விட்டுப் போன எங்கண்ணனுடைய சட்டைகளை வெயிலில் உலர்த்தி மடித்து வைப்பார்.

அண்ணன் பெயர் கோதண்டராமன். அவன் இவன் என்றுதான் சொல்வேன். மரியாதை கொடுக்கிற மாதிரி அவன் ஒன்றும் செய்யவில்லை. திண்டிவனம் ரோட்டில் சிமெண்ட் கடை வைத்திருந்தான். ஊரே போகிறதே என்று பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போக ஆரம்பித்தான். போகப் போகப் பேச்சு மாறியது. சிமெண்ட் வாங்க வந்தவனை உட்கார வைத்து, உடம்பு வேறு ஆன்மா வேறு, கண்ணால் பார்ப்பதெல்லாம் மாயை என்பான். "அப்ப இந்த மாய மூட்டைய நீயே தூக்கி வண்டியில போடு" என்று ஒருத்தன் கேட்டே விட்டான். நாங்களும் சிரித்தோம். அவன் மகள் அனு ஆறாவது படிக்கும்போது ஒரு பௌர்ணமிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. தேடிப் போய்ப் பார்த்தால் காவி வேட்டியில் உட்கார்ந்திருந்தான். கையைப் பிடித்து இழுத்தோம், வரவில்லை.

அண்ணி ஒருத்தரையும் திட்டவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். புத்தர் பாடத்தை அவ்வளவு அழகாக எடுப்பார் என்று என் மகளே சொல்வாள். ஆசைதான் துன்பத்துக்குக் காரணம் என்று அவர் சொன்னால் பின் பெஞ்சு கூட வாயை மூடிக்கொண்டு கேட்குமாம். ஒருமுறை எங்களையெல்லாம் திருநாதர்குன்றுக்குக் கூட்டிப்போனார். பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"வுட்டுட்டுப் போனவங்களுக்கெல்லாம் சிலை இருக்குது. வூட்ல கெடந்தவளுக்கு இன்னா இருக்குது அண்ணி?" என்றேன்.

"இத செதுக்குனவனுக்கே பேரு இல்ல தம்பி, நீங்க வேற" என்று சிரித்தார். பிறகு, "கன்பூசியஸ்னு ஒரு சீனாக்காரர் இருந்தாரு. குடும்பத்த ஒழுங்கா பாத்துக்கறதுதான் பெரிய தர்மம்னு சொன்னாரு. எங்க வூட்ல மாப்பிள்ளை தேடுறப்ப அந்தப் பக்கம் தேடியிருக்கணும்" என்றார். அன்றைக்குத்தான் அவர் மனசில் இருந்தது கொஞ்சம் வெளியே வந்தது.

போன தை மாசம் அனுவுக்கு அனந்தபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன், அவளுக்கும் பிடித்திருந்தது. எல்லாம் பேசி முடித்துத் தட்டு மாற்றுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா சுமலதா ஒரு கேள்வி கேட்டார்.

"தாரை வார்க்க யாரு ஒக்காரப் போறாங்க?"

"நானும் என் சம்சாரம் மங்கையும்" என்றேன்.

"அப்பா காலமாயிட்டாருன்னா சித்தப்பா ஒக்காரலாம். உசுரோட இருக்கறப்ப எப்படிங்க? எங்க வூட்ல பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க. ஒரு மணி நேரம் வந்து ஒக்காந்துட்டுப் போகச் சொல்லுங்க, போதும்."

அவர் ஒன்றும் கெட்ட மனுஷி இல்லை. ஊர் வழக்கத்தைச் சொன்னார். அண்ணி, "நானே போய்க் கேக்கறேன்" என்றார்.

நானும் அண்ணியும் திருவண்ணாமலைக்குப் போனோம். கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில், புளிய மரத்தடியில் இருந்தான். தாடி நெஞ்சு வரை வளர்ந்திருந்தது. ஆனால் அதே மூக்கு, அதே எங்க நைனாவின் காது. அண்ணி வெற்றிலைப் பாக்கோடு பத்திரிகையை அவன் முன்னால் வைத்தார்.

"அனுவுக்குக் கல்யாணம். ஒரு மணி நேரம் வந்து மணையில ஒக்காந்தீங்கன்னா போதும். அப்புறம் நீங்க கெளம்பிடலாம்."

அவன் பத்திரிகையைத் தொடவில்லை. "சந்நியாசம் வாங்குனப்ப எனக்கு நானே பிண்டம் வச்சு, கருமாதி பண்ணிட்டேன். அந்தக் கோதண்டராமன் செத்துட்டான். செத்தவன் எப்படிம்மா மணையில ஒக்காருவான்?"

அம்மா என்றான். கட்டின பெண்டாட்டியை! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "டேய், செருப்பால அடிப்பேன்டா. யாரப் பாத்து அம்மாங்கற?" என்று கையை ஓங்கிவிட்டேன்.

"சும்மா இருங்க தம்பி" என்றார் அண்ணி. பதில் சொல்லத் திணறுகிற பிள்ளையிடம் கேட்பது மாதிரி அவனிடம் நிதானமாகக் கேட்டார். "நல்லா யோசிச்சு சொல்லுங்க. செத்துட்டீங்கதானே? பின்னாடி மாத்திப் பேசக் கூடாது."

"செத்தாச்சும்மா."

"சரி" என்று எழுந்துவிட்டார். பத்திரிகை அங்கேயே கிடந்தது.

மறுநாள் ஐயரைப் போய்க் கேட்டோம். தனக்குத் தானே கர்மம் செய்துகொண்டவன் குடும்பத்துக்குச் செத்தவன்தான், சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது, சித்தப்பா உட்காரலாம் என்றார். அண்ணி வீட்டுக்கு வந்து தாலியைக் கழற்றி பீரோவில் வைத்தார். பொட்டையும் எடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் பதறிப்போய் எப்போது என்று கேட்டார்களாம். "ஆச்சு, ரொம்ப வருஷம் ஆச்சு. எனக்குத்தான் நேத்து தெரிஞ்சுது" என்றாராம்.

ஐயர் சொன்னதைப் போனில் சொன்னதும் சுமலதா அம்மாவுக்குத் திருப்தி. ஆனால் போன் வைக்கும் முன்னால் தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க. தாலி கட்டுற நேரத்துல சம்பந்தியம்மா எதிர்ல இல்லாம இருந்தா நல்லது."

அடப்பாவமே என்று ஆகிவிட்டது எனக்கு. பெண்ணுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அந்த மனுஷி பொட்டை எடுத்தார். பொட்டை எடுத்த பாவத்துக்கு அந்தக் கல்யாணத்தையே பார்க்கக் கூடாதா? எந்த மதத்தில்தான் இந்தக் கணக்கு எழுதியிருக்கிறது?

அனு அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினாள். "நீ நிக்கலன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்மா."

"பைத்தியக்காரி. அம்மா எங்க போகப் போறேன்? கீழ சாப்பாட்டுக் கூடத்துல இருப்பேன். மேளம் கேக்கும்ல, அது போதும்" என்று அண்ணி அவள் தலையைத் தடவினார்.

கல்யாண மண்டபத்தில் மாடியில் மணமேடை, கீழே பந்தி. முகூர்த்த நேரத்துக்கு எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள். நானும் மங்கையும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்தோம். அனு படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாலி ஏறும்போது அவள் கண்ணில் தண்ணீர் நிற்கவே இல்லை. என் கண்ணிலும்தான்.

முடிந்ததும் கீழே ஓடினேன். கூடம் காலியாக இருந்தது. கடைசி வரிசையில் ஒரே ஒரு இலை மட்டும் மூடாமல் விரித்தபடி கிடந்தது. பாதிச் சோறு அப்படியே இருந்தது. அண்ணி பாயச வாளியோடு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு அண்ணி, எலைய மூடாமப் போயிருக்காங்க?"

"ஒங்க அண்ணன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோட்டில் போகிற சாமியார்கள் கல்யாண வீட்டில் நுழைந்து சாப்பிடுவது செஞ்சியில் சகஜம். அந்த மாதிரி வந்து, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"சோறு போடறப்பவே கையப் பாத்து கண்டுபுடிச்சுட்டேன்" என்றார் அண்ணி. "ஒண்ணும் பேசல. மேல கெட்டிமேளம் கேட்டுச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா நிமிந்து மேல பாத்தோம். அப்புறந்தான் அவரு என் நெத்தியப் பாத்தாரு."

"இன்னா சொன்னான்?"

"'கலா'ன்னாரு. அம்மான்னு சொல்லல."

"நீங்க?"

"'சாமிக்கு பாயசம் ஊத்தட்டுமா'ன்னு கேட்டேன். எழுந்து போய்ட்டாரு."

வாசலுக்கு ஓடினேன். ரோட்டில் பஸ்ஸும் வண்டியும்தான் போய்க்கொண்டிருந்தன. அவன் தலை எங்கேயும் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அண்ணி அந்த இலையை மூடிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் சாப்பிட்டவர் பக்கமாகத்தான் இலையை மூடுவது வழக்கம். அண்ணி எதிர்ப்பக்கமாக மூடினார், கருமாதிச் சாப்பாட்டில் மூடுகிற மாதிரி. கையைக் கழுவிக்கொண்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தாலி கட்டியாச்சு இல்ல? இப்ப நான் மேல வரலாமா தம்பி?" என்று கேட்டார்.